பூச்சிமருந்து எச்சப் பரிசோதனைக்கு உணவு மாதிரி தயாரித்தல்: தோட்டம் முதல் குப்பி வரை

கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தனியாக வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது அளவு இது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் பொதுவான அளவு இதுதான். மசாலாப் பொருட்களுக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்து டன் ஏற்றிய பத்து லாரிக் காயில் மொத்தமாக ஒரே ஒரு கிராம் மருந்து. இவ்வளவு சிறிய அளவைக் கருவி பிடித்துவிடும். ஆனால் கருவிக்குள் போவது சில மைக்ரோலிட்டர் திரவம் மட்டுமே. அந்தத் திரவம் உண்மையிலேயே அந்த லாரிக் காயின் நிலையைச் சொல்கிறதா என்பது அறுவடை, பை, கத்தி, மிக்ஸி, தராசு ஆகிய இடங்களில் முடிவாகிவிடுகிறது. தவறான அறிக்கைகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் பிழை கருவிக்கு முன்னால்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி வெண்டைக்காய், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் ஆகிய மூன்றை வைத்துப் போகிறது. வெண்டையும் கறிவேப்பிலையும் ஐரோப்பியத் துறைமுகங்களில் கூடுதல் சோதனைப் பட்டியலில் இடம்பெற்ற இந்தியப் பொருட்கள். மேலும் இந்த மூன்றும் மூன்று விதமான தொல்லை தருபவை: ஒன்று கொழகொழப்பு, ஒன்று பச்சையம், ஒன்று எண்ணெயும் நிறமும். இவற்றைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்குக் கத்தரியும் தக்காளியும் எளிது.

மாதிரி எடுப்பது

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் 1999-ஆம் ஆண்டு மாதிரி எடுப்பு வழிகாட்டிதான் உலகம் முழுக்க அடிப்படை. சரக்கு 50 கிலோவுக்குக் குறைவு என்றால் 3 இடங்களிலிருந்து, 50 முதல் 500 கிலோ வரை 5 இடங்களிலிருந்து, அதற்கு மேல் 10 இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு காயும் 250 கிராமுக்குள் இருந்தால் ஆய்வகத்துக்கு வர வேண்டியது குறைந்தது 1 கிலோ. முட்டைக்கோஸ், பூசணி போலப் பெரியவை என்றால் 2 கிலோ, அதுவும் 5 காய்க்குக் குறையாமல். கறிவேப்பிலை போன்ற பச்சை இலைக்கு அரைக் கிலோ. காய்ந்த மசாலாவுக்கு 100 கிராம் போதும் என்று விதி சொன்னாலும், மிளகாய்க்கு அரைக் கிலோ கேளுங்கள். ஒரு மூட்டைக்குள்ளேயே வற்றலுக்கு வற்றல் மருந்தின் அளவு பல மடங்கு மாறும்.

தோட்டத்தில் நேரடியாக எடுப்பதானால், 12 இடங்களுக்குக் குறையாமல், குறுக்கும் நெடுக்குமாக நடந்து எடுங்கள். வரப்போரச் செடிகளை விட்டுவிடுங்கள். அங்கே பக்கத்து வயலில் அடித்த மருந்தும் காற்றில் வந்து படிந்திருக்கும். செடியின் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்திலும் பறிக்க வேண்டும். கறிவேப்பிலையில் இது மிக முக்கியம். கொழுந்தில் பூச்சி அடைவதால் தெளிப்பவர் விசைத்தெளிப்பானை அங்கேதான் நிறுத்துகிறார். கொழுந்தை மட்டும் பறித்தால் அளவு கூடும், முற்றிய இலையை மட்டும் பறித்தால் குறையும்.

பார்க்க அழகான காயாகத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கைக்கு வந்ததை எடுங்கள். அழுகியது, விற்பனைக்கே போகாதது மட்டும் வேண்டாம்.

ஒரு மாதிரிக்கு ஒரு புது நைட்ரைல் கையுறை. மருந்து கலந்தவரே மாதிரி பறிக்கக்கூடாது; கை கழுவியிருந்தாலும் கூடாது. புது பாலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து, சீட்டை இரண்டு பைக்கும் நடுவில் செருகுங்கள். உள்பையின் மேல் மார்க்கரால் எழுத வேண்டாம். மையிலுள்ள கரைப்பான் இலைக்குப் போகும். உரச்சாக்கு, மருந்துக்கடைப் பை, மருந்து டப்பா வைத்திருந்த டிக்கி எதுவும் ஆகாது. சீட்டில் பொருள், ரகம், சரக்கின் அளவு, எடுத்த நாள், நேரம், எடுத்தவர் ஆகியவற்றோடு கடைசியாக என்ன மருந்து எந்த நாளில் அடித்தார்கள் என்பதும் இருக்கட்டும். விவசாயி மறைக்காமல் சொன்னால் ஆய்வகம் எந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். மான்கோசெப் என்கிற பூஞ்சைக்கொல்லியை அடித்ததைச் சொல்லாமல் விட்டால், ஏன் அது பெரிய இழப்பு என்பது கீழே வருகிறது.

பச்சைக் காய்களை ஐஸ் ஜெல் பொதிகளோடு பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஐஸ் கட்டியும் காயும் நேராகத் தொடக்கூடாது. உருகிய தண்ணீர் மேலே படிந்த மருந்தைக் கழுவிக் கீழே சேர்த்துவிடும். வழியில் உறைந்து, மறுபடி உருகி, சாறு கசிந்து வரும் மாதிரியை வாங்காதீர்கள். சாறோடு சேர்ந்து மருந்தும் பையின் மூலைக்குப் போயிருக்கும். அதைப் பிரித்துச் சரிசெய்ய வழியே இல்லை.

எதை நீக்குவது, எதைத் தொடாமல் விடுவது

வீட்டுச் சமையல் பழக்கம் ஆய்வகத்தில் கெடுதல். காயைக் கழுவக்கூடாது, தோல் சீவக்கூடாது. வரம்புகள் சந்தையில் விற்கப்படும் நிலையிலுள்ள பொருளுக்கு வகுக்கப்பட்டவை. வாழைப்பழம் தோலோடு, எலுமிச்சை, ஆரஞ்சு தோலோடு. தக்காளி, கத்தரி, வெண்டைக்குக் காம்பை நீக்க வேண்டும். மாங்காயில் கொட்டையை எடுத்துவிட்டு மீதியை அரைப்பார்கள். ஆனால் முடிவைக் கொட்டையும் சேர்ந்த முழுப்பழ எடைக்குக் கணக்கிட வேண்டும். ஆகவே கொட்டையைத் தூக்கி எறியும் முன் எடை போடுங்கள். வெங்காயத்தில் வேரும் மண்ணும் தானாக உதிரும் சருகும் மட்டும் போகும். கிழங்குகளுக்குத்தான் குளிர்ந்த நீரில் லேசாக அலசி, மென்மையான பிரஷ்ஷால் மண்ணைத் தட்ட அனுமதி.

கறிவேப்பிலையில் ஈர்க்கோடு அரைத்தீர்களா, உருவிய இலையை மட்டுமா என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். இரண்டுக்கும் முடிவு மாறும். மிளகாய் வற்றலின் காம்பையும் அப்படித்தான்.

அரைக் கிலோவுக்கு மேல் வந்த மாதிரியைக் குறைக்கும்போது பாதி காயை வெட்டி எறியாமல், கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுங்கள். முட்டைக்கோஸையும் தர்ப்பூசணியையும் காம்பிலிருந்து அடி வரை நெடுக்காகக் கீறி, எதிரெதிர்க் கால்பகுதிகளை எடுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் மருந்து அதிகம் படிந்த மேல் தொப்பி மட்டுமோ, அடி மட்டுமோ வந்து சேரும்.

அரைப்பதற்கு முன் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள்

இதை மறந்தால் திரும்பப் பெற முடியாது. மான்கோசெப், சைனெப், பிரோபினெப் போன்ற டைதயோகார்பமேட் பூஞ்சைக்கொல்லிகள் அரைத்த காயின் சாறு பட்டவுடன் சிதையத் தொடங்கும். அவற்றுக்கு அரைக்காத மாதிரி வேண்டும். முழுக்காயாகவோ பெரிய துண்டுகளாகவோ ஒரு பங்கை எடுத்து அன்றைக்கே சோதிக்கலாம், இல்லையெனில் உடனே உறைய வைக்கலாம். வெள்ளீயக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 80 டிகிரி சூட்டில் கார்பன் டைசல்பைடாக மாற்றி அளக்கும் முறை அது. கோஸ், முள்ளங்கி, வெங்காயம், பூண்டு ஆகியவை மருந்தே இல்லாமல் இயற்கையாகக் கொஞ்சம் கார்பன் டைசல்பைடு விடும் என்பதை முடிவு எழுதும்போது நினைவில் வைக்க வேண்டும்.

கிளைபோசேட், பாராகுவாட் போன்ற நீரில் மட்டும் கரையும் மருந்துகளும் கீழே சொல்லும் முறையில் வராது. அவற்றுக்கும் தனிப் பிரித்தெடுப்பு உண்டு. ‘எல்லா மருந்தும் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை’ என்று எந்த ஒற்றை அறிக்கையும் சொல்ல முடியாது; எதைப் பார்த்தோம் என்ற பட்டியல்தான் அறிக்கையின் உயிர்.

அரைத்தல்

எல்லாப் படிகளிலும் அதிகக் கவனம் கேட்பது இதுதான். ஒரு கிலோ காயிலிருந்து கடைசியில் எடுப்பது 10 கிராம். அந்த 10 கிராமில் தோல், விதை, சதை எல்லாம் முழு மாதிரியில் உள்ள அதே விகிதத்தில் இருக்க வேண்டும். மருந்தோ பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. சாதாரண அறைச் சூட்டில் தக்காளியை அரைத்தால் தோல் சுருளாக மிதக்கும்; கரண்டியில் ஒரு சுருள் கூடுதலாக வந்தாலே முடிவு எகிறும்.

வெண்டைக்காயில் நிலைமை இன்னும் மோசம். அரைக்க அரைக்கக் கொழகொழப்பு ஏறி, பிளேடைச் சுற்றிக் கயிறாகத் திரளும். நடுவில் கூழும் ஓரத்தில் அரைபடாத துண்டுகளும் நிற்கும். அரைபடும் சூடும் சாற்றிலுள்ள நொதிகளும் சேர்ந்து கேப்டான், குளோரோதலோனில் போன்ற மருந்துகளை நிமிடக்கணக்கில் அழிக்கும். உண்மையில் இருந்த மருந்து, அறிக்கையில் ‘இல்லை’ ஆகிவிடும்.

இதற்கெல்லாம் ஒரே தீர்வு டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு. செய்யும் விதம் இது:

காம்பு நீக்கிய வெண்டையை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் மில்லின் பாத்திரத்தில் முதலில் டிரை ஐஸ் மட்டும் ஒரு கைப்பிடி போட்டு ஓட்டுங்கள். பாத்திரமும் பிளேடும் குளிர்ந்து, ஐஸ் மாவாகும். பிறகு துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, காயின் எடையில் பாதி முதல் சம அளவு வரை டிரை ஐஸோடு மாற்றி மாற்றிப் போட்டு அரையுங்கள். சரியாக அரைந்த வெண்டை ரவை போல உதிரும். விரலால் தட்டினால் ஒட்டாமல் சரியும். பச்சை மாவில் வெள்ளை விதை தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் ஓட வேண்டும். ஒட்டத் தொடங்கினால் ஐஸ் போதவில்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டு ஐஸ் சேருங்கள்.

மில்லின் மூடியில் வாயு போகத் துளை இருக்க வேண்டும். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரியில் இருக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். ஜன்னல் திறக்காத சிறிய அறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், கார்பன் டை ஆக்ஸைடு தரைமட்டத்தில் தேங்கி மூச்சை அடைக்கும்.

அரைத்த மாவை டப்பாவில் போட்டு, மூடியைத் திருகாமல் மேலே வைத்து மட்டும் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி விடுங்கள். இறுக மூடினால் டப்பா வெடிக்கும். ஐஸ் முழுக்க ஆவியாகாமல் எடை போட்டால் வேறொரு பிழை வரும்: தராசில் வைத்த மாவின் எடை கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போகும். அப்படி இறங்கினால் டப்பாவைத் திரும்ப ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.

டிரை ஐஸ் கிடைக்காத ஆய்வகம் உறைந்த காயை உறைந்த பாத்திரத்தில், ஒரு தடவைக்கு 20 நொடிக்கு மேல் ஓட்டாமல், நடுநடுவே பக்கங்களை வழித்து அரைக்கலாம். இரண்டாந்தரமான வழிதான், இருந்தாலும் அறைச் சூட்டில் அரைப்பதை விடப் பல மடங்கு மேல்.

மிளகாய் வற்றலை விதையோடு, உறைய வைத்து, சிறு சிறு தவணையாக அரைத்து, 1 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். தங்கியதை எறியாமல் மறுபடி அரைத்துச் சேர்க்க வேண்டும். சல்லடையில் தங்குவது பெரும்பாலும் தோல். மருந்து இருக்கும் இடமே அது.

வெங்காயம், பூண்டு வகைகளில் வெட்டியவுடன் நொதி வேலை செய்து கந்தகச் சேர்மங்களைக் கிளப்பும். அவை கருவியில் பல மருந்துகளின் மேல் விழும். பிரித்தெடுப்பதற்கு முன் மைக்ரோவேவில் சூடேற்றி நொதியை முடக்கும் வழி உண்டு. சூடு தாங்காத மருந்துக்கு என்னாகிறது என்று முதலில் சரிபார்க்காமல் இதைக் கையாளாதீர்கள்.

மில்லைக் கழுவுவது

ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. முந்தைய மாதிரி கறிவேப்பிலை. அதில் புரோபெனோபாஸ் கிலோவுக்கு 5 மில்லிகிராம். பிளேடுக்கு அடியிலுள்ள வாஷரில் 2 கிராம் இலை ஒட்டி நின்றுவிட்டது. அதில் 10 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். அடுத்து மருந்தே அடிக்காத 500 கிராம் வெண்டையை அரைத்தால், அதில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் வந்துவிடும். வரம்பைப் போல இரண்டு மடங்கு. தவறே செய்யாத ஒரு விவசாயியின் சரக்கு திருப்பி அனுப்பப்படும்.

ஆகவே ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் பிளேடையும் வாஷரையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, வெந்நீரில் அலசி, அசிட்டோனில் துடைத்து, காயவிடுங்கள். ரப்பர் வாஷரை அசிட்டோனில் ஊறப்போட்டால் உப்பிவிடும். அதைத் துடைத்தால் போதும். வரிசையையும் யோசியுங்கள்: இயற்கை விவசாயச் சான்றிதழ் கேட்கும் மாதிரிகள் காலையில் முதலில், மிளகாயும் கறிவேப்பிலையும் கடைசியில். வாரம் ஒருமுறை மருந்தில்லை என்று தெரிந்த காயை அரைத்து முழுச் சோதனைக்கும் அனுப்பினால் மில் சுத்தமா என்பது தெரிந்துவிடும்.

பிரித்தெடுத்தல்

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் கையாள்வது கேச்சர்ஸ் (QuEChERS) என்கிற பிரித்தெடுப்பு முறை. அனஸ்டாசியாடஸ், லெஹோட்டே ஆகியோரும் உடன் உழைத்தவர்களும் 2003-இல் வெளியிட்டது. அதற்கு முன் லிட்டர் கணக்கில் கரைப்பானும் பிரிபுனலும் வைத்து நாள் முழுக்கச் செய்த வேலையை, 10 மில்லி அசிட்டோநைட்ரைலில் அரை மணிக்குள் கொண்டுவந்தது. இங்கே தருவது அதன் சிட்ரேட் வடிவம், ஐரோப்பியத் தரமான இ.என். 15662-இல் உள்ளது. அமெரிக்க ஏ.ஓ.ஏ.சி. அமைப்பின் 2007.01 வடிவத்தில் 15 கிராம் மாதிரி, 1 சதவீத அசிட்டிக் அமிலம் கலந்த 15 மில்லி அசிட்டோநைட்ரைல், 6 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1.5 கிராம் சோடியம் அசிட்டேட். இரண்டையும் பாதி பாதி கலக்காதீர்கள்.

50 மில்லி குழாயில் எடுக்க வேண்டிய அளவுகள்:

வெண்டைக்காய்: உறைந்த மாவு 10 கிராம். தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை.

கறிவேப்பிலை: 5 கிராம், தண்ணீர் 7 மில்லி. இலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர் என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து 10 மில்லிக்கு வரும்.

மிளகாய்த் தூள்: 2 கிராம், தண்ணீர் 10 மில்லி, அரை மணி நேரம் ஊறல்.

தண்ணீர் எதற்கு? காய்ந்த தூளுக்குள் அசிட்டோநைட்ரைல் நேராக நுழையாது. செல்கள் ஊறி விரிந்தால்தான் உள்ளே இறங்கிய மருந்து வெளியே வரும். மேலும் பிறகு போடும் உப்பு, நீரையும் அசிட்டோநைட்ரைலையும் பிரித்து நிறுத்துவதற்கு நீர் இருந்தாக வேண்டும். ஊறவைக்காத மிளகாயில் மீட்பு (உள்ள மருந்தில் பிரிந்து வரும் பங்கு) குறைவதை முதல் நாளே பார்க்கலாம்.

எடை போட்டதும், உள்தரமாக (ஒப்பிடுவதற்காக எல்லாக் குழாயிலும் ஒரே அளவு விடும் பொருளாக) டிரைபெனைல் பாஸ்பேட் போன்ற ஒன்றைத் துல்லியமாக 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். பிறகு 10 மில்லி அசிட்டோநைட்ரைல். மாவு உறைந்திருந்தால் இயந்திரக் குலுக்கியில் 15 நிமிடம், உறையாமல் இருந்தால் கையால் 1 நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். அசிட்டோநைட்ரைல் நச்சு, எளிதில் தீப்பிடிப்பது; ஆய்வகத்தின் புகையுறிஞ்சும் பெட்டிக்குள்தான் எல்லாம்.

அடுத்து உப்புக் கலவை: மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 1 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் செஸ்கிஹைட்ரேட் அரை கிராம். இதை முன்னரே சிறு பொட்டலங்களாக எடைபோட்டு வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் குழாயில் கொட்டிய பிறகு நேரம் இல்லை. மெக்னீசியம் சல்பேட் தண்ணீரைக் கண்டதும் சூடாகி, அசையாமல் விட்டால் அடியில் சிமெண்டுக் கட்டி போல இறுகும். அந்தக் கட்டிக்குள் மாட்டிய மாவிலிருந்து ஒன்றும் வெளியே வராது. கொட்டியவுடன் மூடி, உடனே குலுக்கத் தொடங்கி, 1 நிமிடம் விடாமல் குலுக்குங்கள். குழாய் உள்ளங்கையில் நன்றாகச் சுடும். ஆறு குழாய்க்கும் உப்பைப் போட்டுவிட்டு அப்புறம் குலுக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொன்றாக முடியுங்கள். பயிரில் சூடு தாங்காத மருந்து இருக்கும் என்று தெரிந்தால் இடையில் ஐஸ் தண்ணீரில் வைத்துக் குலுக்கலாம்.

உப்புத் தூள் குழாயின் மரையில் ஒட்டினால் மூடி சரியாக உட்காராது, குலுக்கும்போது கசியும். சின்னப் புனல் ஒன்று இதைத் தீர்க்கும்.

சிட்ரேட் சேர்ப்பது பி.எச். அளவை 5 முதல் 5.5-க்குள் பிடிக்க. எலுமிச்சை போன்ற கடும்புளிப்பில் அது போதாது. உப்போடு 5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 600 மைக்ரோலிட்டர் சேர்க்க வேண்டும்.

3000 ஜி-க்குக் (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) குறையாமல் 5 நிமிடம் சென்ட்ரிபியூஜ் செய்தால் மூன்று அடுக்காக நிற்கும்: மேலே அசிட்டோநைட்ரைல், நடுவில் கூழ், அடியில் நீரும் உப்பும். இங்கே கவனிக்க வேண்டியது சுழற்சி வேகத்தை அல்ல, ஜி அளவை. ஒரே வேகத்தில் ரோட்டரின் ஆரம் மாறினால் ஜி மாறும்.

2,4-டி போன்ற அமிலக் களைக்கொல்லிகள் பார்க்க வேண்டுமானால் இந்த மேலடுக்கிலிருந்தே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த படியில் வரும் பி.எஸ்.ஏ. என்கிற சுத்திகரிப்புத் தூள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்திகரிப்பு

மேலடுக்கிலிருந்து 6 மில்லியை, 900 மில்லிகிராம் மெக்னீசியம் சல்பேட்டும் 150 மில்லிகிராம் பி.எஸ்.ஏ.யும் உள்ள குழாய்க்கு மாற்றி, 30 நொடி குலுக்கி, மறுபடி சென்ட்ரிபியூஜ் செய்யுங்கள். வெண்டைக்கு இதுவே போதும். மெக்னீசியம் சல்பேட் மிச்ச நீரை உறிஞ்சும், பி.எஸ்.ஏ. சர்க்கரைகளையும் கொழுப்பு அமிலங்களையும் பிடிக்கும். தாலேட் (பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ரசாயனம்) அசுத்தம் இருக்கும் மெக்னீசியம் சல்பேட்டை 550 டிகிரி உலையில் ஒரு ராத்திரி சுட்டு எடுத்தால் சுத்தமாகும்.

கறிவேப்பிலைக்கு மேற்கண்டதோடு ஜி.சி.பி. என்கிற கிராஃபைட் கார்பன் 45 மில்லிகிராம் சேர்த்து 2 நிமிடம் குலுக்க வேண்டும். அது பச்சையத்தை இழுக்கும். ஆனால் தட்டையான மூலக்கூறு உள்ள மருந்துகளையும் இழுக்கும்: தயாபென்டசோல், குளோரோதலோனில், ஹெக்சாகுளோரோபென்சீன். ஆசைப்பட்டுக் கூடுதலாகப் போட்டால் திரவம் தண்ணீர் போலத் தெளியும், மருந்தும் கூடவே போயிருக்கும். குழாயை வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். இளம்பச்சைச் சாயல் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தச் சாயல் இருக்கும் வரை மருந்து திரவத்தில்தான் இருக்கிறது என்று நம்பலாம்.

மிளகாயில் நிறமும் எண்ணெயும் சேர்ந்தே வரும். முதலில் மேலடுக்கை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க வைத்தால் கொழுப்பும் மெழுகும் அடியில் படியும். குளிர் மாறுவதற்குள் மேல் திரவத்தை எடுத்து, பி.எஸ்.ஏ.யோடு, கொழுப்பைப் பிடிக்கும் சி18 தூள் 150 மில்லிகிராமும், ஜி.சி.பி. 45 மில்லிகிராமும் சேர்த்துச் சுத்திகரியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் திரவம் ஆரஞ்சாகத்தான் இருக்கும். பதற வேண்டாம், நீர்த்துச் செலுத்தினால் கருவி தாங்கும்.

சுத்திகரித்த திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம், அசிட்டோநைட்ரைலில் கலந்த 5 சதவீத ஃபார்மிக் அமிலத்தை உடனே சேருங்கள். பி.எஸ்.ஏ. பட்டதும் திரவம் காரமாகிவிடும்; காரத்தில் கேப்டான், ஃபோல்பெட் போன்றவை குப்பிக்குள்ளேயே சிதையும். சாப்பிட்டு வந்து சேர்க்கலாம் என்றால் அதற்குள் பாதி போயிருக்கும்.

எல்.சி. (திரவ நிறப்பிரிகை) கருவிக்குப் போகும் பங்கை 0.2 மைக்ரான் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வடிகட்டியில் வடித்து, நீரில் நீர்த்துக் குப்பியில் இடுங்கள். ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) கருவிக்குப் போகும் பங்கில் நீர் கூடாது.

கூடவே ஓட வேண்டியவை

ஒவ்வொரு தொகுதியோடும் மூன்று குழாய்கள் கட்டாயம். காயே இல்லாமல் வெறும் கரைப்பானும் உப்பும் கொண்ட ஒன்று. அசுத்தம் எங்கிருந்து வந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். மருந்தில்லாத அதே வகைக் காய் ஒன்று. அதே காயில் தெரிந்த அளவு மருந்து விட்ட மூன்றாவது ஒன்று. மருந்தை விட்டு 15 முதல் 30 நிமிடம் காத்திருந்த பின்னரே அசிட்டோநைட்ரைல் சேர்க்க வேண்டும். அந்த மூன்றாவதில் மீட்பு 70 முதல் 120 சதவீதத்துக்குள் வர வேண்டும், திரும்பத் திரும்பச் செய்யும்போது சிதறல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஆய்வகங்களின் அளவுகோல்.

இதில் ஒரு பொறி உண்டு. மீட்புக்கான மருந்தை அரைத்த மாவில்தான் விடுகிறோம். ஆகவே மீட்பு 95 சதவீதம் வந்தாலும் அரைத்தது சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது. அரைப்பைச் சோதிக்க, தோட்டத்திலேயே மருந்து அடிக்கப்பட்ட ஒரு மாதிரியை அரைத்து, ஒரே டப்பாவின் ஐந்து வேறு இடங்களிலிருந்து ஐந்து பங்கு எடுத்து ஓட்டுங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால் மில் சரி. விலகினால் கருவியைக் குறை சொல்லாமல் மில்லுக்குத் திரும்புங்கள்.

அளவுக்கோட்டுத் தரங்களையும் (கருவி காட்டுவதை ஒப்பிட்டு அளக்க உதவும், அளவு தெரிந்த மருந்துக் கரைசல்கள்) வெறும் கரைப்பானில் தயாரிக்காமல், மருந்தில்லாத அதே காயின் சாற்றில் தயாரிக்க வேண்டும். கறிவேப்பிலைச் சாறு எல்.சி. கருவியில் பல மருந்துகளின் சமிக்ஞையை அமுக்கும். வெறும் கரைப்பானோடு ஒப்பிட்டால் உண்மையில் உள்ளதை விடக் குறைவாகக் காட்டும்.

கணக்கு

திரவத்தில் கண்ட அளவை (ஒரு மில்லிக்கு மைக்ரோகிராம்) அசிட்டோநைட்ரைலின் 10 மில்லியால் பெருக்கி, எடுத்த கிராமால் வகுத்தால் கிலோவுக்கு மில்லிகிராம் கிடைக்கும். திரவத்தில் 0.01 என்றால் வெண்டைக்கு 0.01, கறிவேப்பிலைக்கு 0.02, மிளகாய்க்கு 0.05. அதாவது மிளகாயில் 0.01 மில்லிகிராமைக் காண, கருவி ஒரு மில்லியில் 2 நானோகிராமை நம்பகமாக அளக்க வேண்டும். பிறகு நீர்த்திருந்தால் அதையும் பெருக்க வேண்டும். சேர்த்த தண்ணீரை இந்தக் கணக்கில் கொண்டுவரக்கூடாது. புதிதாக வருபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

மீதி மாவை மைனஸ் 18 டிகிரியிலோ கீழேயோ, மாதிரி எண்ணோடு, அறிக்கை மீதான ஆட்சேபக் காலம் முடியும் வரை வைத்திருங்கள். மறுசோதனை கேட்டால் எடுக்க வேண்டியது இந்த உறைந்த மாவைத்தான். பழைய குப்பியை மறுபடி கருவியில் செலுத்தினால் கருவி சரியா என்பது மட்டுமே தெரியும். டப்பா முழுவதையும் உருக விடாமல், தேவையான 10 கிராமை மட்டும் குளிர்ந்த கரண்டியால் சுரண்டி எடுத்து, மீதியை உடனே ஃப்ரீசருக்குத் திருப்புங்கள்.